இரண்டு குடையோடு நின்ற ஆள்

அன்புள்ள மகளுக்கு,

கண்டி வாவியின் மேல் ஆணை, ஹந்தானை மலையின் மேல் ஆணை, இன்று காலை உன் அம்மா அரைத்து வைத்த தேங்காய்ச் சம்பலின் மேல் ஆணை: நான் இங்கே எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பும்படியான எதையும் இந்த வாயிலிருந்து கேட்டதில்லை என்று நம் புகைப்படக் கழகத்தின் அங்கத்தவர்கள் அனைவரும் எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். ஆண்டுக் கண்காட்சி மலருக்கு ஒரு பக்கம் வேண்டும், 'கழகத்தின் வளர்ச்சி' பற்றி எழுதுங்கள் என்று தலைவர் கேட்டார். வளர்ச்சி என்று பார்த்தால் அங்கத்தவர்களின் வயிறு வளர்ந்திருக்கிறது, வேறொன்றும் எனக்குத் தென்படவில்லை. அதனால் அந்தப் பக்கத்தை உனக்கு எழுதுவதற்கு எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குள் சொல்லி முடிக்க வேண்டியதை ஏன் ஊரறிய எழுதுகிறீர்கள் என்று நீ கேட்கலாம். செய்ததை ஊர் பார்க்கத்தான் செய்தேன். மன்னிப்பை மட்டும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காதோடு சொன்னால் அது நியாயமாக இருக்காது.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். கம்பளைக்குப் போகிறாய். கண்டியிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்கிறார்கள். அது அவர்கள் கணக்கு. என் கணக்கில் இடையில் ஏழு கடல், ஏழு மலை, அவற்றையெல்லாம்விடப் பெரிய பேராதனைச் சந்தி நெரிசல் ஆகியவை இருக்கின்றன. உன் பெட்டிகள் முன்னறையில் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன. நேற்று நீ வேலைக்குப் போன பிறகு, ஒரு தகப்பன் செய்யக்கூடாத வேலையைச் செய்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். புடவைகள் இருக்கின்றன, புத்தகங்கள் இருக்கின்றன, அம்மாவின் பழைய இடியப்பத் தட்டுகள்கூட இருக்கின்றன. கேமரா இல்லை. அது அலுமாரியின் மேல் தூசியோடு கிடக்கிறது. மறந்துவிட்டாயோ என்று அம்மாவிடம் கேட்டேன். "மறக்கலங்க. வேணாமுன்னு வச்சிட்டுப் போறா" என்றாள். அந்தக் கேமரா அலுமாரியின் மேல் ஏறியதற்கு நான்தான் காரணம். அதை இறக்கிப் பெட்டிக்குள் வைக்க வேண்டியவள் நீ. நான் வைத்தால் நீ திரும்பவும் எடுத்து மேலே வைத்துவிடுவாய் என்பது எனக்குத் தெரியும்; பிடிவாதம் என் பக்கத்து ரத்தம்.

நீ சின்னவளாக இருந்தபோது, வாவியைச் சுற்றியிருக்கும் அந்த வெள்ளை மதிலில் ஏன் இத்தனை வளைவு என்று கேட்டாய். தண்ணீருக்குள் ஒரு ராட்சத மீன் இருக்கிறது, பசி எடுக்கும்போதெல்லாம் எழும்பி மதிலை ஒரு கடி கடிக்கும், அந்தக் கடித் தடங்கள்தான் அவை என்றேன். அதை நீ பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி வகுப்பே சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து புத்தகப் பையைக்கூட இறக்காமல் என் முன்னால் நின்று, "நீங்க சொல்ற எல்லாமே பொய்யாப்பா?" என்று கேட்டாய். நான் யார்? தோற்பேனா? "எல்லாம் பொய்யில்ல. ஒவ்வொரு கதையிலயும் ஒரு துண்டு நெசம் இருக்கும். அது எதுன்னு நீ கேட்டா நான் சொல்லியே ஆகணும்" என்றேன். அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டமாகிவிட்டது. நான் எந்தப் புளுகை அவிழ்த்துவிட்டாலும், முடிந்ததும் நீ கையைக் கட்டிக்கொண்டு கேட்பாய்: "இதுல எது நெசம்?" நானும் குற்றவாளிக் கூண்டில் ஏறியவன்போல ஒன்றை ஒப்புக்கொள்வேன். மீன் கதையில், பசி நெசம். அன்றைக்கு நாம் இருவரும் சாப்பிடாமல் வாவியைச் சுற்றிக்கொண்டிருந்தோம். வளர்ந்து, படித்து, வேலைக்குப் போன பிறகும் நீ கேட்பதை விடவில்லை. ஒரே ஒரு கதைக்கு மட்டும் கேட்கவில்லை. அந்தக் கதையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

மலரைப் புரட்டும் புதியவர்களுக்காக என் பெருமையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். கண்டியில் பாதிப் பேர் என் தயவால்தான் மீதிப் பாதியைப் பார்க்கிறார்கள். கழகத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் 'மாமா'. மாதப் போட்டிகளில் மூன்றாம் இடத்தை மற்றவர் யாரும் தொடவிடாமல் ஆண்டுவரும் சக்கரவர்த்தி. முதலிடம் ஒருமுறையும் வந்ததில்லை. வந்திருந்தால் அந்த மாதமே இயற்கை தன் ஒழுங்கை மறந்து மகாவலி ஆற்றை மேல்நோக்கி ஓடவிட்டிருக்கும். இப்படிப்பட்ட சக்கரவர்த்தியின் அரண்மனையில் நீ ஒரு நாள் திகன ரவூப் நானாவிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். அண்ணன் முறை வைத்து எல்லோரும் நானா என்று அழைக்கும் அவருக்குக் கண்டிக்குப் பக்கத்துத் திகனவில் புடவைக்கடை. கழகக் கூட்டங்களில் என் பக்கத்துக் கதிரையில் உட்காருபவர். என் புளுகுகளுக்கு நிரந்தர எதிர்க்கட்சி.

நாம் எல்லோரும் விடியலைப் படமெடுக்க ஹந்தானைக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். நான் அங்கே ஒரு சிறுத்தையைக் கண்டதாகவும், அது தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பி நின்று ஒத்துழைத்ததாகவும் இன்றுவரை சொல்லிவருகிறேன். அது தேநீர்க் கடை நாய் என்பதை இத்தால் ஒப்புக்கொள்கிறேன். சூரியன் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தபோது கழகம் முழுவதும் முக்காலிகளை நட்டு, குனிந்து, கண்ணைச் சுருக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நீ மட்டும் எங்களுக்குப் பின்னால் போய்விட்டாய். அந்த மாதப் போட்டியில் வந்த உன் படத்தில் சூரியன் இல்லை. வரிசையாகக் குனிந்து நின்ற கழகத்தின் பின்பக்கங்கள் இருந்தன. நடுநாயகமாக நானாவின் காற்சட்டை. மண்டபம் சிரித்துச் சிரித்து ஓய்ந்த பிறகுதான் படத்தை நன்றாகப் பார்த்தது. அத்தனை பெரிய மனிதர்கள் அத்தனை பணிவாகக் குனிந்து ஏதோ ஒன்றைக் கும்பிடுவதுபோல அதில் இருந்தது. "இது பொல்லாத கண்ணு மாமா. நம்மள யாரும் பாக்காத நேரத்துல பாத்துட்டு ஈக்கி" என்றார் நானா. அதைக் கேட்டு நான் கடையில், சந்தையில், பஸ்ஸில் ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன். யாரும் பார்க்காத நேரத்தில் பார்க்கும் அந்தக் கண் ஒரு நாள் என் பக்கமும் திரும்பும் என்று அந்தச் சக்கரவர்த்திக்கு உறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மழை என்றால் அப்படி ஒரு மழை. வாவியின் ஆமைகள் கரையேறிக் கடைத் தாழ்வாரங்களில் ஒதுங்கின என்று நான் சொன்னால் நீ மறுக்கமாட்டாய். நடுவர் கொழும்பிலிருந்து வரவேண்டியவர். கடுகண்ணாவையில் மண்சரிவு, பாதை மூடியாயிற்று என்று செய்தி வந்தது. அந்த மாதம் நான் படம் கொடுத்திருக்கவில்லை. படம் கொடுக்காதவன், வாய் உள்ளவன் என்ற இரண்டு தகுதிகளையும் பார்த்து, "மாமாவே இருங்க" என்று தலைவர் என்னை நடுவராக்கிவிட்டார். கதிரையில் ஏறி உட்கார்ந்தபோது புனிதப் பேழை சுமக்கும் தலதா மாளிகை யானைக்குக்கூட அவ்வளவு பெருமிதம் இருந்திருக்காது.

நம் கழகத்தின் வழக்கம் உனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். படங்களைக் கறுப்பு அட்டையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். பின்பக்கம் இலக்கம் மட்டும் இருக்கும். யாருடைய படம் என்பது செயலாளரின் உறைக்குள். நடுவர் ஒவ்வொரு படத்தையும் தாங்கியில் நிறுத்தி, எல்லோருக்கும் கேட்க நல்லது கெட்டது சொல்லுவார். எடுத்தவர் அதே மண்டபத்தில்தான் இருப்பார். ஆனால் முகத்தில் ஒரு மயிரிழைகூட அசையக்கூடாது. காட்டிக்கொடுத்தால் படம் போட்டியிலிருந்து வெளியே. எல்லாம் முடிந்த பிறகுதான் பெயர்கள் வாசிக்கப்படும். பெயர் வாசித்ததும் எடுத்தவர் எழுந்து, எங்கே, எப்படி எடுத்தேன் என்று சுருக்கமாகச் சொல்லலாம். நல்ல வழக்கம்தான். பெரியவர் படம், டாக்டர் படம் என்று யாரும் சலுகை பெறக்கூடாது என்பதற்காக வைத்தது. திட்டு வாங்குகிறவர் கல்போல உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால், திட்டுகிறவனுக்கு இது சொர்க்கம்.

அந்த மாதத் தலைப்பு 'காத்திருப்பு'. மீன்கடைக்கு முன்னால் காத்திருக்கும் பூனை வந்தது. ஆஸ்பத்திரி வரிசை வந்தது. ரயில் நிலையம் இல்லாமல் இருக்குமா, அது மூன்று கோணங்களில் வந்தது. பிறகு அந்தப் படத்தை எடுத்துத் தாங்கியில் நிறுத்தினேன். பஸ் ஜன்னலின் மழை வழியும் கண்ணாடிக்கு ஊடாக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரு சந்தி. சற்றுச் சாய்ந்த அடிவானம். விளக்குக் கம்பத்தடியில் ஒரு ஆள். பிடித்திருக்கும் குடை முகத்தை மறைத்திருக்கிறது. கக்கத்தில் இன்னொரு குடை, மடித்தது. அதில் ஒடிந்த கம்பி ஒன்று கோழிக்கால்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. படம் எடுத்தவர் இருக்கும் பஸ்ஸை அந்த ஆள் பார்க்கவில்லை. உடம்பை வளைத்து, அதற்குப் பின்னால் வரும் எதையோ எட்டிப் பார்க்கிறான்.

நான் ஆரம்பித்தேன். "பாருங்கள், இந்த மனிதருக்குத் தலையில் கம்பம் முளைத்திருக்கிறது. வைத்தியம் தேவை" என்றேன். "அடிவானம் சாய்ந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் இவர் உருண்டு திகனவுக்கே போய்ச் சேருவார்" என்றேன். "இரண்டு குடையாம். ஒன்று விற்பதற்கு. சேவை நிறுத்தப்பட்ட பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார்; யாராவது போய்ச் சொல்லுங்கள் பாவம்" என்றேன். ஒரு மொழியில் சிரிக்காதவர்களுக்காக அடுத்த மொழியில் சொன்னேன். மூன்று மொழிகளிலும் சிரித்தார்கள். கடைசியாக, என் நாக்கில் எது வந்து உட்கார்ந்ததோ, "இதை எடுத்தவருக்கு பஸ்ஸைவிட்டு இறங்கக்கூடச் சோம்பல். இறங்கி, கிட்டப் போய் எடுத்திருந்தால் இந்த ஆளிடம் ஏதாவது இருந்திருக்கலாம். இப்படிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை" என்றேன். கடைசி இடம் கொடுத்தேன். பூனைக்கு முதலிடம். பூனை ரவூப் நானாவுடையது.

செயலாளர் உறையைப் பிரித்து வாசித்துக்கொண்டே வந்தார். கடைசி இலக்கத்துக்கு உன் பெயர். நீ எழுந்தாய். "அம்பிட்டிய சந்தி. பஸ்ஸுக்குள்ளருந்து எடுத்தது. அது எங்க அப்பா" என்றாய். மண்டபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. நீ இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் விட்டேனா? இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "அடப் பாவமே, அந்தக் கிழவன் நான்தானா?" என்றேன். கூரை பிய்ந்துபோகும்படி சிரிப்பு. நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாய்.

அப்படிப் பிறந்ததுதான் அந்தக் கதை: ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடும் மாமாவுக்குத் தன்னையே அடையாளம் தெரியவில்லை. அதை நான் கடையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு சொன்னேன். ஒவ்வொரு முறையும் வளர்த்தேன். உன் பெயரைக் கேட்டதும் நான் அழுத அழுகையில் மண்டபம் நிரம்பிவிட்டது; கதிரைகள் மிதந்தன; தலைவர் வெற்றிக் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நீந்தினார்; நானாவின் பூனைப் படம் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய் வாவியில் விழ, அதைப் பார்த்து மீன்கள் ஓடின. நிச்சயதார்த்தத்தன்று கம்பளையில் உன் மாமனார் வீட்டு முன்னறையில் இதைச் சொன்னபோது அவர்கள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் உன் பக்கம் திரும்பி, "நெசமாவே மாமாவுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். "தெரியல" என்றாய். சொல்லிவிட்டுத் தட்டிலிருந்த வெற்றிலையை அடுக்க ஆரம்பித்தாய். ஏற்கெனவே அடுக்கியிருந்த வெற்றிலை.

அந்தக் கதைக்கு நீ ஒருநாளும் கையைக் கட்டிக்கொண்டு, எது நெசம் என்று கேட்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு, "இந்த மாசம் வேல கூடப்பா" என்றாய். அதற்கடுத்த மாதமும் வேலை கூடிப்போயிற்று. மழை நாட்களில் அலுவலகத் தோழியின் முச்சக்கர வண்டியில் வாசல்வரை வந்து இறங்கினாய். எனக்குச் சந்திக்குப் போகும் அவசியமே இல்லாமல் போனது. பெரிய நிம்மதி என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என் குடையையும் உன் ஊதாக் குடையையும் எடுத்து ஒரே ஆணியில் மாட்டினாள்.

அந்தக் கதையின் ஓட்டையை முதலில் பிடித்தது ரவூப் நானாதான். ஒரு நாள் கடைக்கு வந்து, கண்ணாடியைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு, "மாமா, ஒங்கட கொடய ஒங்களுக்கு வெளங்கல்லன்னு சென்னா, கண்டியில எல்லாரும் நம்புவாங்க. நான் நம்ப மாட்டேன்" என்றார்.

"ஏன் நானா, மழையில..."

"மழையாம் மழ. அந்தப் படத்த வெச்சிட்டு மத்தப் பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியத் தொடச்சீங்க. வேற ஒரு படத்துக்கும் தொடைக்கல்ல. நான் பாத்துக்கிட்டுத்தான் ஈந்த."

நான் அவர் கண்ணாடிக்கு வேண்டுமென்றே ஒரு திருகாணியைத் தளர்வாகப் போட்டுக் கொடுத்தேன். அது அற்பத்தனம்; அதற்கும் இங்கேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

நேற்றுப் பெட்டிகளைக் கிளறிய கையோடு அம்மாவிடம் மாட்டிக்கொண்டபோது அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "ஒரு நாளைக்காவது சிரிக்கிறத நிப்பாட்டிட்டுக் கேளுங்க. அன்னைக்கி அவ அங்க என்ன சொல்ல இருந்தா தெரியுமா? மொத நாளே குசினியில நின்னு எங்கிட்டச் சொல்லிப் பாத்தா. 'அது எங்க அப்பா. டெய்லி எனக்காக வந்து நிப்பாரு. ஆனா எனக்காக நிக்கிறேன்னு சொல்ல மாட்டாரு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியணும்.' அதுக்குத்தான் அந்தப் படத்தக் குடுத்தா. நீங்க வாயத் தெறந்து அதையும் சாப்பிட்டுட்டீங்க."

நான் திறந்த பெட்டியை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்து காது கொடுத்தேன். என் வாழ்க்கையில் அபூர்வமான சம்பவம்.

"இப்ப என்ன சொல்றா தெரியுமா? 'அப்பாவுக்கே அப்பாவத் தெரியலன்னா, நான் எடுத்தது அப்பா படம் இல்லம்மா. எனக்குப் பாக்கத் தெரியல. எனக்கெதுக்குக் கேமரா' ங்கிறா. கேலி பண்ணினதுக்குக்கூட அவ வருத்தப்படல. அடையாளம் தெரியலன்னு சொன்னீங்களே, அதத்தான் அவளால தாங்க முடியல."

மகளே, நீ அடிபட்டது என் கேலியில் என்று நான் நினைத்திருந்தேன். கேலி ஆறிவிடும், கல்யாணக் கலகலப்பில் கரைந்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். உன் கண்ணையே நீ சந்தேகப்படும்படி செய்திருக்கிறேன் என்பது நேற்றுத்தான் புரிந்தது. ஆகவே சக்கரவர்த்தி இறங்கி வந்து, மூன்று மொழிகளில் சிரித்த அதே அங்கத்தவர்களுக்கு முன்னால் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது. பெயர் வாசித்த பிறகு அல்ல, படத்தைத் தாங்கியில் நிறுத்திய அந்த நொடியிலேயே தெரிந்தது. உன் ஊதாக் குடையின் அந்த ஒடிந்த கம்பியை நீல நூலால் கட்டப்பார்த்துத் தோற்றவன் நான். அந்தக் குடையை எனக்குத் தெரியாதா? என் சந்தியை? நான் நிற்கும் கோணலை? அடையாளம் தெரியவில்லை என்று நான் சொன்னது பொய். என் மற்றப் பொய்களால் ஒரு நாயாவது சிறுத்தையானது. இந்தப் பொய்யால் ஒரு நல்ல படம் ஒன்றுமில்லாததாகிவிட்டது.

பின் ஏன் அப்படிப் பேசினேன் என்று கேட்பாய். சந்தியில் நீ பஸ்ஸைவிட்டு இறங்கும்போதெல்லாம் நான் என்ன சொல்லுவேன்? "அட, நீயா? நான் மீன்கொத்தி எடுக்க வந்தேன்." "ரெண்டு குட எதுக்குப்பா?" என்பாய். "ஒன்னு மீன்கொத்திக்கு" என்பேன். "சரிப்பா" என்று ஊதாக் குடையை வாங்கிக்கொள்வாய். அம்பிட்டிய சந்தியில் மீன்கொத்தி கிடையாது. காகம்கூட யோசித்துத்தான் வந்து உட்காரும். நான் யாருக்காகவும் காத்து நிற்கிறவன் இல்லை, காரியமாக வந்தவன் என்று காட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு கௌரவம். அந்தப் படத்தில் மீன்கொத்தி இல்லை, சக்கரவர்த்தி இல்லை. ஒரு பயந்த ஆள் இருந்தான். பஸ் வராமல் போய்விடுமோ என்று எட்டிப் பார்க்கிறவன். அந்த வாரம்தான் கம்பளையிலிருந்து உன்னைக் கேட்டு ஆள் வந்திருந்தது. சரியென்று சிரித்துக்கொண்டே தலையாட்டியவனும் நான்தான். சிரிக்காத நேரத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்பதை நீ எடுத்து, கறுப்பு அட்டையில் ஒட்டி, என் கையிலேயே கொடுத்துவிட்டாய். அதைப் பார்த்து மண்டபமே என் பயத்தைக் கண்டுவிடும் என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் காண்பதற்கு முன்னால் சிரிக்க வைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அதுதான். அதற்கு நீ பலியானாய். ஒரு சொல் மறுத்துப் பேச முடியாத கல்முகத்தோடு, கழக வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு, என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாய்.

இறங்கிக் கிட்டப் போய் எடுத்திருக்க வேண்டும் என்றேனே, அது எல்லாவற்றையும்விடப் பெரிய அநியாயம். நீ இறங்கியிருந்தால் நான் உடனே மீன்கொத்தி எடுக்க வந்தவனாக மாறியிருப்பேன். அந்த ஆளை எடுக்க உள்ளே இருந்து, மழைக் கண்ணாடி வழியாக, அவனுக்குத் தெரியாமல்தான் எடுக்க முடியும். நீ நின்ற இடம் சரி. கம்பம் தலையில் முளைத்தது முளைத்ததாகவே இருக்கட்டும்.

கல்யாணமாகிப் போகிறவளுக்குத் தகப்பன் புத்திமதி சொல்ல வேண்டும் என்பது வழக்கமாம். எனக்கு அந்த யோக்கியதை கொஞ்சம்தான் மீதி இருக்கிறது, அதையும் இங்கேயே செலவழித்துவிடுகிறேன். உன் வீட்டில் யாராவது அவசரமாகச் சிரிக்க வைத்தால், சிரித்துவிட்டுப் பிறகு அவர்கள் கையைப் பார். கண்ணாடியைத் துடைக்கிறார்களா என்று பார். மாப்பிள்ளை ஒரு நாள் கம்பளை ஸ்டேஷனில் வந்து நின்றுகொண்டு, பேப்பர் வாங்க வந்தேன் என்றால் நம்பாதே. நம்பாமல் இருப்பதை அவரிடம் சொல்லியும் விடு. நான் காத்து நிற்கும்போது 'நீங்க எனக்காகத்தான் நிக்கிறீங்க' என்று நீ சொல்லியிருந்தால் நான் ஓடித்தான் போயிருப்பேன், உண்மை. ஆனாலும் மறுநாள் மூன்று குடையோடு வந்திருப்பேன்.

கண்காட்சி மண்டபத்தில் வாசலுக்கு நேரே இருக்கும் முதல் பலகையில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். அதில் வேறு படம் மாட்டக்கூடாது என்று நானா காவல் இருக்கிறார். முதல் பலகையைத் தன் பூனைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான் என்பதைக் கவனி. அங்கே உன் படம் வரலாமா என்பதை நீ சொல்ல வேண்டும். வந்தால், எடுத்தவர் பெயர் உன்னுடையது. படத்திலிருப்பவர் பெயரும் கீழே இருக்கும், இந்த முறை அவர் மறுக்கமாட்டார். இந்தக் கடிதத்தை முதலில் உன் கேமராவின் மேல்தான் வைக்கிறேன். நீ வேண்டாம் என்றால் இது மலரில் வராது. இந்த இடத்தில் மீன்கொத்தி இல்லாத என் மின்கம்பிப் படம் ஒன்று வரும். இது அச்சில் வந்திருந்தால், நீ சரியென்று சொல்லிவிட்டாய் என்று அங்கத்தவர்கள் புரிந்துகொள்ளட்டும். கேமராவைப் பெட்டிக்குள் வைத்தாயா என்று நான் இனிமேல் திறந்து பார்க்கமாட்டேன். அம்மா பெட்டிகளுக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள்.

நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் வீட்டுச் சட்டம் சட்டம்தான், நான் சொல்லியே ஆகவேண்டும். மண்டபம் நிரம்பவில்லை. கதிரைகள் மிதக்கவில்லை. தலைவருக்கு நீந்தவே தெரியாது. பெயர் வாசித்த பிறகு நான் அழவும் இல்லை, தலையைப் பிடித்துக்கொண்டு நடித்தேன். உன் படத்தை எடுத்துத் தாங்கியில் நிறுத்திய உடனே, ஒரு சொல் பேசுவதற்கு முன்னால், கண் கலங்கிப் படம் மறைந்துவிட்டது. அதனால்தான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தேன். இந்தக் கதையில் அது மட்டும் நெசம்.

அப்பா